சுருக்குப் பை தைத்த சிட்டு

தாமரைக் குளத்தங்கரையில் பொன்னாயி என்றொரு தையல்சிட்டு இருந்தது. அந்தக் கோடையில் குளம் வற்றி, தண்ணீர் நடுப்பள்ளத்துக்குப் போய்விட்டது. குஞ்சுகுட்டிகளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் அலைவது? பொன்னாயி அரச இலையைச் சிலந்தி நூலால் தைத்து, தண்ணீர் கொண்டுவர ஒரு பை செய்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். புதிதாக ஒன்றைச் செய்தவர், எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் ஆமையிடம் அதை மூன்று முறை சொல்ல வேண்டும். அதன்பின் அதைப் பயன்படுத்துகிறவர்கள், செய்தவரின் கூட்டுக்கு முறைவைத்துக் காவல் நிற்க வேண்டும். பொன்னாயிக்கு வேண்டியதும் அதுதான். முட்டைகள் இருந்த அதன் கூட்டையே சாரைப்பாம்பு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

“அரச இலையைச் சிலந்தி நூலால் தைத்த பை” என்று பொன்னாயி ஆமையிடம் மூன்று முறை சொல்லிவிட்டு வந்தது.

மறுநாளே வீரணன் என்ற குரங்கு தேக்கிலையை வாழைநாரால் தைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. பொன்னாயி ஆமையிடம் ஓடியது. ஆமைக்கும் வருத்தம்தான்.

“நீ சொன்னதில் தேக்கு இல்லையே தாயி, நான் என்ன செய்ய?” என்றது.

காவலுக்கு ஒருவரும் வரவில்லை. அந்த வாரமே பாம்பு முட்டைகளை விழுங்கிவிட்டுப் போனது. பாவம், வெறுங்கூட்டைப் பார்த்துப் பொன்னாயி அழுத அழுகை எனக்கே தாங்கவில்லை.

அழுது முடித்ததும் ரோஷம் வந்தது. இனி என் பையை முதலில் நானே திருடிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டது. இலையை மாற்றியது. நூலை மாற்றியது. ஒரு தையலை எடுத்தது, ஒரு மடிப்பைத் திருப்பியது. எதை மாற்றினாலும் பை பைதான். ஆனால் எல்லாப் பையிலும் பாதி வழியில் பாதித் தண்ணீர் சிந்தியது. மொள்ளும்போது வாய் திறந்திருக்க வேண்டும், தூக்கும்போது மூடியிருக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் எப்படி? யோசித்து யோசித்து, தூக்கும் நாரையே வாயைச் சுற்றிக் கோத்தது. தூக்கியதும் வாய் தானே சுருங்கியது!

இந்த முறை ஆமையிடம் வேறு மாதிரி சொன்னது. “எந்த இலையோ, எந்த நாரோ, கொடியோ, எதனால் செய்தாலும் சரி. தூக்கினால் வாய் தானே சுருங்கும் பை.”

வீரணன் சும்மா இருக்குமா? பூவரச இலை, தாழை நார், பிரண்டைக் கொடி என்று மூன்று நாள் முட்டி மோதியது. வாய் சுருங்கினால் அது பொன்னாயியின் பை. சுருங்காவிட்டால் தண்ணீர் சிந்தியது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றது.

“என் குட்டிக்குத் தாகமா இருக்கு அக்கா” என்றது.

பொன்னாயிக்கு மனம் இளகிவிட்டது. “எடுத்துக்கோ. இன்றைக்குக் காவல் முறை உன்னுடையது.”

பொன்னாயி மறுபடி மூன்று முட்டை இட்டிருந்தது. அன்று மாலை பாம்பு வந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் குரங்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

புதிதாக ஒன்றைச் செய்தவர், அதைத் திருட எத்தனை வழி உண்டென்று தாமே முதலில் தேடிப் பார்த்து அடைத்துவிட வேண்டும்.