மரவட்டைக்காகப் பேசாத குரங்கு

காட்டுக் குளத்தின் ஒரு துளி நீரில் ஒரு பாக்டீரியா இருந்தது. அதற்குள் பாடுபட்ட புரதங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே இந்தக் கதைக்கு அவற்றை விலங்குகள் என்றே வைத்துக்கொள்வோம்.

பாக்டீரியா இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதன் டி.என்.ஏ. என்ற முறுக்கு நூலை முழுதாக நகலெடுத்தாக வேண்டும். பாதியில் நின்றால் எல்லோருக்கும் சாவுதான். எலி முன்னே போய் முறுக்கைப் பிரிக்கும். நண்டு தொடர்ந்து வந்து, நூலிலுள்ள எழுத்துகளைப் பார்த்துப் புது நூல் பின்னும். மரவட்டை நூலைச் சுற்றி வளையமாகச் சுருண்டு, நண்டு வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டே போகும். அந்த வளையத்தைத் திறந்து நூலில் மாட்டுவது குரங்கின் வேலை.

நண்டுக்குத் தலைக்கனம் ஏறியது. "பின்னுவது நான். இந்த மரவட்டை சும்மா சுருண்டுகொண்டு ஓசியில் சவாரி செய்கிறது. கறையானுக்குப் போடுங்கள்" என்றது. பழுதான புரதங்களை அரைத்துத் தின்பது கறையான். எலிக்குத் திரும்பிப் பார்க்கவே நேரமில்லை; அது பாட்டுக்குத் தலையாட்டிவிட்டுப் போனது.

மரவட்டை குரங்கைப் பார்த்தது. "அண்ணே, தினமும் என்னை மாட்டுவது நீங்கள்தானே? நான் எதற்கென்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

குரங்குக்கு எல்லாம் தெரியும். வளையம் மாட்டிய பிறகுதான் நண்டு நூலில் நிற்கும் என்பதைக் கண்ணாரக் கண்டது அது. ஆனால் மரவட்டைக்குப் பரிந்து பேசினால் உன் வேலையும் போய்விடும் என்று நண்டு முறைத்தது. நமக்கேன் வம்பு என்று குரங்கு வாலைச் சொறிந்தது. பாவி, தன் கையாலேயே மரவட்டையைக் கழற்றிக் கறையானிடம் கொடுத்தது. கறையான் அதை அரைத்துத் தின்றது.

நண்டு குஷியாக நூலில் ஏறியது. நாலு எழுத்து பின்னுவதற்குள் வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. எலியோ பிரித்துக்கொண்டே போனது. பிரிந்த நூல் கேட்பாரற்றுக் கிடந்து அங்கங்கே அறுந்தது.

"மரவட்டையைக் கொண்டு வா" என்று நண்டு அலறியது.

"இப்போது கேட்டால்? கறையான் வயிற்றில் போய்த் தேடு" என்றது குரங்கு. வேலை போய்விடும் என்று பயந்துதான் அது வாயை மூடியிருந்தது. இப்போது மாட்டுவதற்கு வளையமே இல்லை.

பாக்டீரியா பிரியவில்லை, செத்தது. நண்டும் எலியும் குரங்கும் அதனோடு போய்ச் சேர்ந்தன.

அடுத்தவனின் அருமை தெரிந்தும் தன் பிழைப்புக்காக வாயை மூடிக்கொள்பவன், அவனுக்கு வெட்டும் குழியில் தனக்கும் இடம் பிடித்துக்கொள்கிறான்.