வள்ளியூரில் அதே இயந்திரம்

தெய்வானை டீச்சரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் திருமூர்த்தி ஒருவர்தான் டீச்சரைவிட வயதில் மூத்தவர். வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்கள் என்று வந்து சேர்ந்தவர். தானியங்கி இயந்திரங்களை இயக்கும் மின்னணுப் பெட்டிகளான கன்ட்ரோலர்களைப் பழுது பார்ப்பது அங்கே படிப்பு. கோயம்புத்தூர் குறிச்சி தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் வகுப்பு நடந்தது.

திருமூர்த்தியின் அக்கா ருக்மணிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. உடுமலையில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்வாள். அந்த மையத்தில் டயாலிசிஸுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் திடீரென்று நின்றுபோனது. நோயாளிகளைப் பொள்ளாச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே எல்லோருக்கும் இடமில்லை. இயந்திரத்தைச் செய்த கம்பெனியில் கேட்டால், ஆள் அடுத்த வாரம் வருவார் என்றார்கள்.

ருக்மணியின் தம்பி இந்த வேலை படிக்கிறார் என்று கேள்விப்பட்டு, மையத்தின் மேனேஜர் திருமூர்த்தியைக் கூப்பிட்டார். அவர் போய்ப் பார்த்தார். கன்ட்ரோலருக்குள் இருந்த பேட்டரி தீர்ந்து, பதிந்து வைத்த அளவுகள் எல்லாம் அழிந்திருந்தன. மோட்டார் என்ன வேகத்தில் ஓட வேண்டும், எந்த அழுத்தத்தில் நிற்க வேண்டும், எதுவும் அதற்கு நினைவில்லை. புது பேட்டரி போட்டார். அளவுகள் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அவை கையேட்டில் இருக்கும். மையத்தில் கையேடு இல்லை.

கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் என்று நம்பி, வகுப்புக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார்.

நாட்டைத் தேர்ந்தெடுங்கள் என்றது. தேர்ந்தெடுத்தார். துறையைத் தேர்ந்தெடுங்கள் என்றது. மருத்துவம் என்றார். வெள்ளைத் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். நாளைய உலகை இன்றே இயக்குகிறோம் என்று அவள் தலைக்கு மேல் எழுதியிருந்தது. மாடல் எண்ணை அடித்தார். அதைத் தவிர மற்ற மாடல்கள் எல்லாம் வந்தன. ஆவணங்கள் என்ற இடத்தை அழுத்தினார். இயந்திரத்தின் நிறமும் எடையும் அது வாங்கிய விருதுகளும் போட்ட விளம்பரத் தாள் ஒன்று இறங்கியது. கையேடு பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்றது. பதிவு செய்தார். நிறுவனத்தின் பெயர் கேட்டது. தன் பெயரையே எழுதினார். உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறோம் என்றது.

மூலையில் ஒரு சின்னப் பெட்டி துள்ளிக்கொண்டு வந்தது. உங்களுக்கு எப்படி உதவட்டும் என்று கேட்டது.

திருமூர்த்தி நீளமாக எழுதினார். இயந்திரத்தைப் பற்றி எழுதினார். அக்காவைப் பற்றியும் எழுதினார்.

விற்பனையா, வேலைவாய்ப்பா என்று அது திருப்பிக் கேட்டது.

அக்கா போனில் கூப்பிட்டாள்.

"கிடைச்சுதா சாமி?"

"தேடிட்டே இருக்கேன்க்கா."

"பொள்ளாச்சில இன்னைக்கும் இடமில்லைன்னுட்டாங்க. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. உதடு காயுது. ஒரு வாய்த் தண்ணி குடிக்கலாம்னா பயமா இருக்குது."

"எப்படியும் இன்னைக்குப் பாத்துடறேன்க்கா."

போனை வைத்துவிட்டு மறுபடியும் நாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

டீச்சர் வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"என்னங்கண்ணா தேடறீங்க?"

"ஒரே ஒரு பக்கம்ங்க டீச்சர். அளவெல்லாம் போட்ட பக்கம். அதை எழுதினவன்னு ஒருத்தன் இருப்பான்ல? எழுதி எங்கீங்க கொண்டுபோய் வெச்சான்?"

டீச்சர் மவுஸை வாங்கி, செய்திகள் என்ற பக்கத்தைத் திறந்தார். கீழே கீழே போனார். ஒரு படத்தில் நின்றார். ஒரு மருத்துவமனை. டாக்டர்கள் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாலை போட்ட இயந்திரம். வள்ளியூரில் எங்கள் தயாரிப்பு என்று அடியில் எழுதியிருந்தது.

"இது உடுமலையில இருக்கற மெஷின்தானுங்களே?"

"அதேதானுங்க. ஆனா இது விளம்பரம்ங்க டீச்சர்."

"இது ஓடுதா?"

"தெரியலீங்களே."

"கேளுங்க."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டப் போய் என்னன்னு கேக்கறதுங்க?"

டீச்சர் மூலையில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். "இதுகிட்ட எழுதினீங்கல்ல? அதையே சொல்லுங்க."

அந்த மருத்துவமனையின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டார். யார் யாரிடமோ மாற்றிவிட்டார்கள். கடைசியில் டயாலிசிஸ் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். டெக்னீஷியன், பெயர் செல்வக்கனி. திருமூர்த்தி இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். அக்காவைப் பற்றியும் சொன்னார்.



"எங்ககிட்டயும் புக்கு கெடையாதுண்ணே. நாங்களும் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டோம். ஆனா மெஷினு ஓடுது. ஸ்க்ரீன்ல நம்பர்லாம் தெரியும். பாத்து வாசிச்சாப் போதுமா?"

"போதும்மா. வாசிச்சா மட்டும் போதும். எதையும் மாத்திடாதீங்க."

அவர் உடுமலைக்கு பஸ் ஏறினார். மையத்துக்குள் போய், இயந்திரத்தின் முன்னால் நின்று மறுபடியும் கூப்பிட்டார். செல்வக்கனி ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் ஒவ்வொன்றாக அடித்தார். ஓர் அளவு பொருந்தவில்லை. இங்கே மோட்டார் கொஞ்சம் சின்னது. குனிந்து, மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்து அந்த அளவை மட்டும் மாற்றினார்.

"நில்லுங்கண்ணே, ஒரு அம்மாவுக்கு ஊசி கழட்டணும். வந்துருதேன். வச்சிராதீங்க."

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் காதோடு போனை ஒட்டிக்கொண்டு நின்றார். வள்ளியூரில் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. இடையிடையே சின்ன மணிச் சத்தம். யாரோ காபி வந்துவிட்டதா என்று கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். அவர் நின்ற அறையில் காலிக் கட்டில்களும் உறை போட்ட இயந்திரங்களும் இருந்தன. அவள் திரும்பி வருவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துட்டேன். எதுவரைக்கும் சொன்னேன்?"

எல்லாம் முடிந்ததும் பம்ப் ஓடியது. தண்ணீர் வந்தது. டாக்டர் அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, சரியாக இருக்கிறது என்று முடிவு வந்த பிறகுதான் நோயாளிகளை வரச் சொன்னார். ருக்மணியை முதல் ஆளாகப் படுக்கவைத்தார்கள். முடிந்து எழுந்து உட்கார்ந்தபோது தம்பியைப் பார்த்து, "மூச்சு லேசா இருக்குது" என்றாள். அவர் கொடுத்த தண்ணீரை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விழுங்கினாள்.

திருமூர்த்தி வகுப்புக்குத் திரும்பினார். மற்றவர்கள் வேலை பழக, அவர் மட்டும் தினமும் கொஞ்ச நேரம் அந்த இணையதளத்தைத் திறந்து உட்கார்ந்தார். நாட்டைத் தேர்ந்தெடுத்தார். துறையைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெண் சிரித்தாள்.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டார்.

"அங்க மெஷின் ஓடுதுங்களாண்ணா?"

"நல்லா ஓடுதுங்க."

"அக்கா?"

"பரவாயில்லீங்க."

"அப்புறம்?"

திருமூர்த்தி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் போட்டது சரிதானான்னு ஒவ்வொரு நாளும் மனசு அடிச்சுக்குதுங்க டீச்சர். செஞ்சவன் வாயால ஒரு தடவை கேக்கணும். ஆமாப்பா, இதுதான் அளவு, நீ போட்டது சரிதான்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அளவு போட்ட அந்தப் பக்கம் நெசமாவே எங்கயாவது இருக்குதுங்களா டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் திருமூர்த்தியின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தார். பதற்றமான ஓர் ஆண் குரல் விடாமல் பேசியது. திருமூர்த்தி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அறந்தாங்கியில இருந்துங்க. டயாலிசிஸ் சென்டர். அதே மெஷின், அதே மாதிரி நின்னுபோச்சாம். அவங்களும் வள்ளியூருக்குக் கூப்பிட்டாங்களாம், செல்வக்கனி என் நம்பர் குடுத்துச்சாம். கையேடு என்கிட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டுக் கூப்பிட்டிருக்காருங்க. என்கிட்ட இல்லைன்னு சொல்லிடட்டுங்களா?"

"சொல்லுங்க" என்றார் டீச்சர். "சொல்லிட்டு, வெச்சுடாதீங்க."