ஹவுழை விட்டு எழாதவர்

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். முஹிதீன் பிச்சை மட்டும் பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியான ஹவுழின் விளிம்பில் குந்தி முழங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவே அவருக்கு இன்னும் முடியவில்லை.

அவருடைய குரு ஷம்சுல் ஆலம் ஹஜ்ரத் அவரைவிட இளையவர்; அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காக்கா, ஹவுழ் மீனெல்லாம் உங்களைக் கண்டா ஸலாம் சொல்லுது."

"கேலி பண்ணாதீங்க ஹஜ்ரத். முழங்கை நனைஞ்சுதா இல்லையான்னே தெரியலை. அடுத்த மாசம் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கையைப் பிடிச்சுப் பொண்ணைக் கொடுக்க வேண்டியவன் நான். அன்னைக்கும் இங்கேயே கெடந்தா?"

"மகள் என்ன சொல்றா?"

"மனநல டாக்டர்கிட்ட போகச் சொல்றா. அல்லாஹ்வை நம்புறவன் அங்கே போவானா? நீங்க தண்ணி ஓதிக் கொடுங்க, போதும்."

"மருந்து தேடிக்குங்கன்னு நபிகள் நாயகம் சொன்னாங்களே?"

"அது காய்ச்சலுக்கு."

"மனசுக்கு வேணாம்னு தனியா சொன்னாங்களா?"

முஹிதீன் பிச்சை மறுபடி முழங்கையில் தண்ணீர் ஊற்றினார்.

ஹஜ்ரத் ஒரு பாட்டில் தண்ணீரில் ஓதி ஊதினார். பிறகு அவரை எழுப்பி ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோ மனநல மருத்துவர் வாசலில் நின்றது. முஹிதீன் பிச்சை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்படியே வாங்க காக்கா. பல்வலின்னு நெனச்சுக்குவாங்க."

உள்ளே நர்ஸ் எழுந்து நின்றாள்.

"வாங்க ஹஜ்ரத்! மாத்திரை தீர்ந்துடுச்சா? இப்பல்லாம் தூக்கம் வருதா?"

துண்டு நழுவியது.

"நீங்களா ஹஜ்ரத்?"

"ரொம்ப நாளா."

"அப்போ ஓதின தண்ணி?"

"அதுலதானே மாத்திரையை முழுங்குறேன்."

முஹிதீன் பிச்சைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே டாக்டர் அறைக்குள் போனார். அடுத்து வந்த வாரங்களில், ஒருமுறை கழுவு, சந்தேகம் வந்தாலும் எழுந்து நட என்று பழக்கினார் டாக்டர். மாத்திரையும் கொடுத்தார்.

நிக்காஹ் நாள் வந்தது. முஹிதீன் பிச்சை ஒருமுறை ஒளு செய்தார், எழுந்தார், மாப்பிள்ளைக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். ஹஜ்ரத்தின் காதருகே குனிந்தார்.

"முழங்கை காஞ்சு கெடக்குன்னு மனசு கத்துது ஹஜ்ரத். ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேனே?"

"கத்தட்டும் காக்கா. மாப்பிள்ளை கையை நீட்டிட்டார், பிடிங்க."