பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பால்சுறா

கமலவேணி முப்பது வருஷமாகச் சுறாக்களை ஆராய்கிறவர். நாகப்பட்டினம் துறைமுகத்தில் காலை ஏலத்துக்கு வருகிற எந்தச் சுறாவும் அவருடைய அளவு நாடாவிலிருந்து தப்பாது.

அன்று அவருடைய மாணவர் மதியரசன் ஒரு பையை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி நின்றார். சுறாவைத் தின்னாதீர்கள் என்று குப்பம் குப்பமாகப் போய்ப் பேசுகிற மனிதர். ஒளிக்கத் தெரியவில்லை, பாவம். பைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"குடுங்க," என்று வாங்கி அளந்தார் கமலவேணி. "பால்சுறா. பெண். அடுத்த வருஷம் குட்டி போட்டிருக்கும்."

மதியரசனின் முகம் சுண்டிப்போனது.

"குழந்தை பிறந்து பத்து நாளாச்சு மேடம். என் மனைவிக்குப் பால் பத்தல. குழந்தை அழுதுகிட்டே இருக்கு. சுறாப் புட்டு செஞ்சு குடுத்தா சுரக்கும்னு மாமியார் சொல்றாங்க. சுரக்குமா?"

"தெரியாது. நான் பிள்ளை பெத்தப்ப எங்கம்மா செஞ்சு குடுத்தாங்க. சாப்பிட்டேன்."

"நீங்களா?"

"அப்ப நான் சுறாவுலதான் டாக்டர் பட்டத்துக்குப் படிச்சிட்டிருந்தேன்."

மதியரசனுக்குத் தலை சுற்றியது. திட்டு விழும் என்று நினைத்திருந்தார். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் வாங்கினது சரியா, தப்பா? திருப்பிக் குடுத்துடவா?"

"செத்த மீன். யார்கிட்டத் திருப்பிக் குடுப்பீங்க?"

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?"

கமலவேணி நாடாவைக் கழுவிச் சுருட்டினார்.

"இதை வாங்க வந்து, உங்க பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனவங்க யாராவது உண்டா?"

மதியரசன் யோசித்தார். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த முகம் உடனே நினைவுக்கு வந்துவிட்டது.

"போன வாரம் ஒரு பொண்ணு. கைக்குழந்தையோட வந்துச்சு. அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். வெறுங்கையோட போயிடுச்சு."

"வீடு தெரியுமா?"

"லைட்ஹவுஸுக்குப் பின்னாடி."

"ரெண்டா நறுக்கச் சொல்லுங்க. முதல்ல அந்த வீட்டுக்குப் போய் ஒரு பாதியைக் குடுங்க."

மதியரசனுக்குக் கூச்சத்தில் காது சிவந்தது. வெட்டுகிற அம்மாளிடம் மீனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மேடம், அங்க போய் நான் என்ன சொல்றது?"

"போன வாரம் சொன்னதையே சொல்லுங்க," என்றார் கமலவேணி. "மீனைக் கையில குடுத்துட்டு."