மூடுபனிக்குள் வரும் கிடா

விலங்குகளுக்கு வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலை உச்சியில் வாழும் வரையாடுகள் மாதம் பார்த்துக் குட்டி போட்டதில்லை. மழையோ வெயிலோ, பிறக்கிறபோது பிறந்தது. கிடாவும் பெட்டையும் ஆண்டு முழுக்க ஒரே பாறையில்தான் குடித்தனம்.

பாறையன் என்றொரு கிடா. காவலுக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று மலை முழுக்கப் பீற்றிக்கொள்வான். அவன் மனைவி வெள்ளச்சி அதை அப்படியே நம்பினாள், பாவம். ஆடி மாத அடைமழையில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. இன்னும் காலூன்றக்கூடத் தெரியாத குட்டி.

"மேல நின்னு பாத்துக்குங்க. ஏதாச்சும் வந்தா ஒரு சீழ்க்கை அடிங்க, குட்டியப் பாறை இடுக்குல தள்ளிடுறேன்" என்றாள்.

"நான் இருக்கும்போது உனக்கென்ன பயம்?" என்றான் பாறையன்.

மூடுபனி இறங்கியது. அதற்குள்ளிருந்து சிறுத்தை வந்தது, அவனுக்குப் பத்தடி கீழே. சீழ்க்கை அடித்தால் அது தன் பக்கம் திரும்பிவிடும். அந்த நினைப்பிலேயே அவன் சீழ்க்கையே அடிக்காமல் விட்டான். பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டான். சிறுத்தை அவனைக் கவனிக்காமல் கீழே இறங்கியது. கீழே குட்டி ஒரு முறைதான் கத்தியது.

"சீழ்க்கை அடிச்சேனே! மழை இரைச்சல்ல உனக்குக் கேக்கலையா?" என்று வெள்ளச்சியிடம் கூசாமல் சொன்னான்.

அவள் அதையும் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. "பாழாப்போன காது! நீங்க அடிச்சும் கேக்காமப் போச்சே. என்னை மன்னிச்சிருங்க" என்று நாள்தோறும் அழுதாள். காதைப் பாறையில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். பாறையன் மேய்ச்சலையே மறந்தான். அவள் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் வெட்கத்தில் குன்றிப்போனான். மழை ஓய்ந்து வானம் வெளுத்த ஒரு காலையில், அவள் காதில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவன் தலை தானாகக் குனிந்தது.

"உன் காதுல குறையில்ல புள்ள. நான் அடிக்கவே இல்ல."

வெள்ளச்சி திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். காதைத் தேய்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இனி என் குட்டிங்க தையிலதான் பொறக்கும். வானம் தெளிஞ்சிருக்கும், என் கண்ணாலயே காவல் பாத்துக்குவேன்."

"அப்ப நான்?"

"ஆடி மூடுபனியில வாங்க. அந்தப் பனியில உங்க மூஞ்சிய நான் பாக்க வேண்டி இருக்காது."

பாறையன் இறங்கிப் போனான். அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம். வரையாட்டுக் கிடா பெட்டைகளை விட்டுத் தள்ளியே மேய்கிறது, ஆடி மூடுபனியில்தான் இணை சேரத் தேடி வருகிறது. ஆறு மாதம் கழித்துத் தையில் குட்டி பிறக்கும்போது உச்சிப் பாறையில் காவல் நிற்பது பெட்டைதான். கிடா எங்கோ தொலைவில், நிமிர்ந்து பார்க்காமல் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.