கொதிகலன்காரரின் கேள்வி

அந்தக் கழிமுகத்து ஊரில் கன்னியம்மாளைக் குருவாகக் கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் தணிகாசலம். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்துமூன்று.

கன்னியம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. சேற்றில் கையால் துழாவி நண்டும் இறாலும் பிடித்து வளர்ந்தவள். எந்த மண்ணில் எந்தச் செடி நிற்கும் என்பது அவள் காலுக்கே தெரியும். வெறும் சேறாகக் கிடந்த நாற்பது ஏக்கரில் பதினைந்து வருஷமாக அலையாத்திக் காடு வளர்த்திருந்தாள்.

தணிகாசலம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் இன்ஜினியராக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் நிலக்கரி எரித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு முந்நூற்றைம்பது பங்கு. ஓய்வு பெற்றபோது நானூற்றைத் தாண்டியிருந்தது. அந்த ஏற்றத்தில் தன் உலைப் புகையும் இருக்கிறது என்ற நினைப்பு அவரை அரித்தது. அலையாத்திக் காட்டுச் சேறு காற்றிலுள்ள கரியைப் பிடித்துப் புதைத்து வைக்கும் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

வந்தவர் ஆவேசம் வந்தவர்போல நட்டார். கன்னியம்மாள் பத்து நட்டால் அவர் ஐம்பது நட்டார். இடம் போதாமல் கடலை ஒட்டிய பள்ளத்துக்கும் இறங்கினார்.

"அங்க வேணாம் ஐயா. வேர் புடிக்காது," என்றாள் அவள்.

"சும்மாதானே கிடக்குது அம்மா," என்றார். நட்டுக்கொண்டே போனார்.

கார்த்திகையில் புயல் அடித்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். பள்ளத்தில் அவர் நட்ட ஆயிரத்துச் சொச்சம் கன்றில் ஒன்றுகூட இல்லை. சேறு வழித்துவிட்டதுபோல் மொழுக்கென்று இருந்தது.

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். கன்னியம்மாள் மேட்டுப்பக்கம் முழங்கால் சேற்றில் நின்று சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் விதைகளை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"ஆமாம்மா. என்னோட புகைதான் கடலைச் சூடாக்குச்சு. அந்தக் கடலே வந்து என் கையால நட்டதைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு மன்னிப்பு கிடையாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க வேலைக்குச் சேர்ந்தது எந்த வருஷம்?"

"எண்பத்தேழு."

"அந்த வருஷம் ஐப்பசியிலதான் நான் பொறந்தேன். ஏழாம் மாசத்துக் குழந்தை. உள்ளங்கையில வச்சா விரலுக்கு வெளிய காலு தெரியுமாம். பட்டணத்து ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டு வச்சாங்க. இருபத்திரெண்டு நாள். வெளிய அடைமழை. பெட்டிக்குள்ள சூடு குறையவே இல்லைன்னு எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிச்சு."

குனிந்து கையிலிருந்த விதையை ஊன்றினாள்.

"அந்தச் சூடு எங்கேருந்து வந்துச்சு ஐயா?"

அவருக்குப் பதில் தெரியும். ஐப்பசி மழையில் கரி நனைந்துபோய், உலை அணையாமலிருக்க ஆட்களோடு ஆளாகத் தானும் நின்று கரியைத் தள்ளிய நாட்கள் நினைவுக்கு வந்தன. நிலையத்திலிருந்து போன மின்கம்பியின் மறுமுனையில் என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கன்னியம்மாள் சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். இரண்டு கையையும் கூப்பி அவரை வணங்கினாள்.

அவர் பதறிப்போனார். கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் யாரும் அவரை அப்படி வணங்கியதில்லை.

"அப்போ நான் செஞ்சது தப்பில்லையா அம்மா?"

"அப்படி நான் சொல்லலையே. கடல் ஏறித்தான் வருது. நான் வளர்ந்த குடிசை இருந்த எடத்துல இப்ப படகு போகுது."

"ரெண்டும் எப்படி நிஜமா இருக்கும்?"

"ரெண்டும் நடந்துச்சே."

காற்று நின்றிருந்தது. புயலில் சாயாத மரங்களின் வேர்களுக்கு நடுவே தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியது.

"குற்றவாளின்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் நட்டேன்," என்றார் தணிகாசலம். "இனிமே எப்படி நடறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க எப்படி நடறீங்க?"

கன்னியம்மாள் கூடையிலிருந்து ஒரு விதையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"பொழைச்சவ நான் சேத்துல நிக்கறேன். பொழைக்க வச்சவரு ஏன் ஐயா இன்னும் கரையில நிக்கறீங்க?"