ஊசிக்கு ஒரு பலாப்பழம்

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு காடு. அந்தக் காட்டில் மருந்துக்கடை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடைக்காரர் வேலாயுதம் ஒரு முள்ளம்பன்றி. ஊசி வாங்கும் செலவே அவருக்கு இல்லை. முதுகுப் பக்கம் கையை விட்டால் ஒன்று வரும்.

ஒரு காலை, சடையன் என்ற கரடி மூச்சிரைக்க அந்தக் கடைக்கு வந்தான். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலாப்பழம். அக்கரையில் தங்கச்சி மகனுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் அக்கரையில் சேற்றுக் காய்ச்சல். தடுப்பூசி போட்ட இலைச்சீட்டு இல்லாத யாரையும் நீர்நாய் தன் தோணியில் ஏற்றாது.

கடை வாசலில் பலகை தொங்கியது: "சேற்றுக் காய்ச்சல் ஊசி: ஒரு பலாப்பழம்."

சடையனுக்கு நிம்மதி. ஒரு பழம் ஊசிக்கு, இன்னொன்று தங்கச்சி வீட்டுச் சீருக்கு. வெறுங்கையோடு போனால் மச்சான் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, ஒரு பழம்தானே?"

"பலகையில என்ன போட்டிருக்கு? திரும்பி நில்லு தம்பி."

"கையிலதானே போடுவாங்க?"

"உன் கையில முடியைத் தவிர என்ன இருக்கு? திரும்பு!"

சுருக்!

சடையன் போட்ட அலறலில், வரிசையில் அடுத்து நின்ற முயல் நான்கு அடி பின்னால் போய் நின்றது.

"சரி, மூணு பழம் எடு," என்றார் வேலாயுதம்.

"மூணா?"

"ஊசிக்கு ஒண்ணு, உள்ளே போன மருந்துக்கு ஒண்ணு, சீட்டுக்கு ஒண்ணு."

"பலகையில ஒண்ணுன்னுதானே இருக்கு?"

"ஊசின்னு இருக்கு. மருந்துன்னு எங்கேயாவது இருக்கா? வேண்டாம்னா மருந்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போ."

முயல் களுக்கென்று சிரித்துவிட்டது. ஊசி குத்திய இடத்தைவிட இதுதான் சடையனுக்கு அதிகம் வலித்தது. ஆற்றங்கரையிலிருந்து நீர்நாய் வேறு, "தோணி கிளம்புது!" என்று கூவியது. இருக்கிற இரண்டையும் கொடுத்தாலும் ஒன்று குறையும், சீரும் போகும். கொடுக்காவிட்டால் காதுகுத்தே போகும்.

சடையன் பலகையை இன்னொரு தரம் எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"தனித்தனியாத்தானே விலை? அப்படியே தந்துடுறேன். சீட்டை எழுதுங்க."

வேலாயுதம் ஓர் இலையில் தன் கைரேகையைப் பதித்தார். கையை மட்டும் அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

சடையன் ஒரு பழத்தை நகத்தால் கிழித்தான். தோலை உரித்து அவர் முன்னால் போட்டான்.

"இது ஊசிக்கு. முள்ளுக்கு முள் சரி."

சுளைகளை வாயில் போட்டு மென்றான். கொட்டைகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் துப்பினான்.

"இது மருந்துக்கு. உள்ளே போனதுக்கு, உள்ளே இருந்தது."

கடைசியாகக் காம்பை எடுத்து வைத்தான்.

"இது சீட்டுக்கு. இலைக்குக் காம்பு."

"டேய்! சுளை எங்கடா?"

"பலாப்பழம்னு போட்டிருக்கு. சுளைன்னு எங்கேயாவது இருக்கா அண்ணாச்சி?" என்றான் சடையன், வாய் நிறைய. "கட்டுப்படியாகலைன்னா ஊசியைத் திருப்பி எடுத்துக்கோங்க. இதோ, திரும்பி நிக்கிறேன்."

வேலாயுதம் முள்ளெல்லாம் சிலிர்க்கத் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் சீட்டின்மேல் இருந்த கையையும் எடுத்துவிட்டார். அவ்வளவுதான்! சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, மிச்சமிருந்த பழத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சடையன் ஒரே ஓட்டமாகத் தோணிக்கு ஓடினான்.

முயல் தான் உருட்டி வந்த பழத்தோடு முன்னால் வந்தது.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு ஊசி. பழத்தை இங்கேயே உரிச்சுத் தரட்டுமா?"

மறுநாள் காலை கடை வாசலில் புதுப் பலகை தொங்கியது: "ஊசி, மருந்து, சீட்டு எல்லாம் சேர்த்து ஒரு பலாப்பழம். சுளையோடு."

நீதி: விலையைப் பிய்த்துப் பிய்த்துச் சொல்பவன் கைக்குச் சுளை வராது.